ஒரு வரி விதிவிலக்கு

அரசு ஆஸ்பத்திரியில் விரல்ரேகை மெஷின் வைத்த பிறகு வருகை எப்படி இருக்கிறது, யாருக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாம் என்று பார்க்க வெளியூர் அதிகாரி வந்திருந்தார். பிரசவ வார்டு நர்ஸின் முறை வந்தது.

"போன மாசம் ஒருநாள் நீங்க ரேகை வைக்கல. ஊக்கத்தொகை கிடையாதும்மா."

"அப்ப குழந்தை தலை வெளிய வந்துட்டிருந்துச்சு சார். விட்டுட்டு மெஷின்கிட்ட ஓட முடியுமா?"

"புரியுது. ஆனா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"ஆம்புலன்ஸ் டிரைவருக்கு இப்பத்தானே விதிவிலக்கு எழுதிக் கொடுத்தீங்க?"

அதிகாரி பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்கு அதைத்தான் நம்பியிருந்தேன். ஒரே ஒரு வரி சார். நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு கழுத்துல கொடி சுத்தின குழந்தையைப் பிழைக்க வச்சீங்க. அதைப் பெத்தவ என் மக. இப்ப நான் எழுதினா, சொந்த நன்றிக்கடனை அரசாங்கப் பணத்துல தீர்த்துட்டான்னு சொல்வாங்க. டிரைவர் எனக்கு யாரோ. நீங்க அப்படி இல்லையேம்மா."

நர்ஸ் எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"பேரன் நல்லா இருக்கானா சார்?"

"இருக்கான்ம்மா" என்றவர், அவள் பெயருக்கு எதிரே அந்தத் தேதியில் 'வரவில்லை' என்று எழுதினார்.