விலகிப் போகவேண்டிய கோடு

பிரிண்டரிலிருந்து சூடாக இறங்கும் போஸ்டரைப் பார்த்ததுமே ஆராய்ச்சி மாணவிக்குச் சுர்ரென்று கோபம் ஏறுகிறது. நியூட்ரினோ என்னும் நுண்துகளுக்கு நீலக் கோடு, அதன் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோவுக்குச் சிவப்பு. விலகிப் போகவேண்டிய இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஆய்வகச் சீனியரிடம் திரும்புகிறாள். "அண்ணா, என் மேட்ரிக்ஸ்ல கை வச்சீங்களா?" "அதுல கற்பனை எண் வர்ற பகுதிய மட்டும் தூக்கிட்டேம்மா. புரோகிராம் சும்மா எரர் எரர்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. இல்லாத நம்பர்தானே?" சீனியர் டீயை உறிஞ்சுகிறார். "இல்லாத நம்பரா? அது இருக்கிறதாலதான் ரெண்டும் வேற வேற மாதிரி உருமாறுது! அந்த வித்தியாசத்தக் காட்டத்தானே மூணு வருஷமா உயிர விட்டேன்?" நடைக்கூடத்தில், போஸ்டர்களை மதிப்பிட வரும் நடுவர்களின் பேச்சுச் சத்தம் நெருங்குகிறது. அவள் சிவப்பு மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்து இழுக்கிறாள். ஜன்னல் வெயிலில் பளபளக்கும் தாளின்மேல், அந்த வளைவை மனப்பாடமாகவே வரைந்து நீலத்திலிருந்து பிரிக்கிறாள். கோபத்தில் தோள் நடுங்குகிறது, கோடு நடுங்கவில்லை.