உப்பு அம்பாரத்து உள்ளான்

“ஏலே அய்யாக்குட்டி, இன்னைக்கு நீ வயிறு வலிக்கச் சிரிப்ப. ஆனா இப்ப சிரிக்கக் கூடாது.”

“பெறகு எப்பச் சிரிக்க?”

“நான் சொல்லுதேன். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெட.”

மழைக்குப் பயந்து பனையோலை போர்த்தி வைத்திருந்த உப்பு அம்பாரத்தின் பின்னால் இரண்டு பேரும் பதுங்கிக் கிடந்தார்கள்.

பாஸ்கலுக்குப் பதினாறு வயசு. தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. புதுத் துறைமுகத்துக் கப்பல் ஊதுவது, இலங்கை வானொலிக்காரர் நேரம் சொல்வது, கோயில் உபதேசியார் மூக்கால் செபம் படிப்பது எல்லாம் அச்சு அசலாக வரும். போன வாரம்தான் உபதேசியார் குரலில், “நாளைக்கு ஞானோபதேசம் கெடையாது” என்று சன்னலுக்கு வெளியே நின்று சொல்லி, ஒரு தெருப் பிள்ளைகளையே கடலில் குளிக்க அனுப்பினவன்.

இந்த வாரம் அவனிடம் சிக்கியது பவுல் தண்டல்.

கொழும்புக்குத் தோணி ஓட்டினவர். சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து மனிதர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. பேச்சும் நின்றுபோனது. மனைவி ஆக்னஸ்தான் மன்றாடி உப்பளத்துக்கு அழைத்து வந்தாள். ஐப்பசியில் வடக்கே எங்கிருந்தோ உள்ளான் பறவைக் கூட்டம் வந்து பாத்திகளில் இறங்கும். தோணியில் இருக்கும்போதே அதன் குரலைக் கேட்டு, “கரை வந்துட்டுலே” என்று சொல்வாராம்.

இந்த வருசம் மழை தள்ளிப் போனது. உள்ளானும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

“இன்னைக்கும் சத்தம் கேக்கலைன்னா, இனி என்னைய இழுத்துக்கிட்டு அலையாதளா. வீட்டுலயே கெடக்கேன்.”

நாலு நாளைக்கு முன்னால் தண்டல் வரப்பில் உட்கார்ந்து இப்படிச் சொன்னது, அம்பாரத்தின் பின்னால் படுத்திருந்த பாஸ்கல் காதில் விழுந்தது.

சும்மா இருப்பானா?

“த்யூ... த்யூ... த்யூ...”

“இங்கேருங்க! வந்துட்டு!” ஆக்னஸ் குதிக்காத குறை.

தண்டல் முகத்தைத் திருப்பினார். கொஞ்ச நேரம் கேட்டார். “பச்சைக்கால் உள்ளான்தான். ஒத்தையா வந்திருக்கு” என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இதே கூத்து. பாஸ்கல் கூவுவான். தண்டல் பூசை கேட்பது மாதிரி தலை சாய்த்துக் கேட்பார். ஆக்னஸுக்கு வாய் மூடாத சிரிப்பு. அந்தச் சந்தோசத்தில் அவளுக்கு மறதி வேறு. கொண்டுவந்த மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை அம்பாரத்து நிழலில் வைத்துவிட்டு, அப்படியே மறந்து போய்விடுவாள். பறவைக்கு அது ராத்திரிப் பலகாரம்.

“கண்ணு தெரியாதவரைப் போயாலே ஏமாத்துதே? பாவம்லா!” என்றான் இன்றைக்குத்தான் முதல் தடவை கூட வந்த அய்யாக்குட்டி.

“ஸ்ஸ்! வாராங்க.”

இரண்டு பேரும் கைகோத்து வந்தார்கள். ஆக்னஸ் பொட்டலத்தை நிழலில் வைத்தாள். தண்டல் வரப்பில் உட்கார்ந்து காதைத் தீட்டினார்.

பாஸ்கல் நாக்கை மடித்தான்.

“த்யூ... க்ர்ர்ர்...”

நேற்றிலிருந்தே சளி. இன்றைக்குத் தொண்டை முழுசாகக் கட்டிக்கொண்டது. அய்யாக்குட்டி சட்டைக் காலரை வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

வரப்பில் இரண்டு தலைகளும் அம்பாரத்துப் பக்கம் திரும்பின.

பாஸ்கல் இன்னும் தாழப் பதுங்கினான். பிடிபட்டால் அடி விழும். அது பழகினதுதான். ஆனால் நாளையிலிருந்து இவர் மறுபடியும் அந்த அறைக்குள்ளேயே போய்க் கிடப்பாரே? இப்படி ஒரு நினைப்பு தனக்கு ஏன் வருகிறது என்று அவனுக்கே விளங்கவில்லை.

மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை முயன்றான். இருமல்தான் வந்தது. உப்பளத்தில் உள்ளான் இருமியது.

“அலுப்பா இருக்கும்லா! எம்புட்டுத் தூரம் பறந்து வந்திருக்கு!” என்றாள் ஆக்னஸ் அவசரமாக.

“ஆமாளா. அதுக்கும் பனி ஒத்துக்காதுல்லா” என்றார் தண்டல், அவளைவிட அவசரமாக.

அய்யாக்குட்டி பாஸ்கலைப் பார்த்தான். ‘இப்பவா?’ என்று கண்ணால் கேட்டான். பாஸ்கல் அவன் தலையில் தட்டினான்.

“நீங்க இருங்க, ரிக்‌ஷா நிக்கான்னு பாத்துட்டு வாரேன்.” ஆக்னஸ் ரோட்டுப் பக்கம் நடந்தாள். பொட்டலத்தை அன்றும் மறந்துவிட்டாள்.

அவள் செருப்புச் சத்தம் ஓய்கிற வரைக்கும் தண்டல் காத்திருந்தார். பிறகு எழுந்து, துழாவித் துழாவி நேராக அம்பாரத்துக்கு வந்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து ஓலை மேல் வைத்தார்.

“ஏலே, பனங்கற்கண்டு. வாயில போட்டு அடக்கிக்க. நேத்தே ஒன் குரல் கம்மிப்போச்சு.”

அம்பாரத்துக்குப் பின்னாலிருந்து பாஸ்கலின் கை மெல்ல நீண்டு கற்கண்டை எடுத்தது.

“நாளைக்கும் வந்துரு, என்னா? நான் அறைக்குள்ள கெடந்த வரைக்கும் எங்க வீட்டம்மா சிரிச்சு நான் கேட்டதே இல்ல. நெசமாவே உள்ளான் வந்துட்டுன்னு அவ நம்பிக்கிட்டிருக்கா. அவட்ட மட்டும் மூச்சு விட்டுராத.”

“இங்கேருங்க, ரிக்‌ஷா வந்துட்டு!” என்று தூரத்தில் குரல் கேட்டது. தண்டல் ஒன்றும் தெரியாதவர் மாதிரி வரப்புக்குத் திரும்பினார்.

ரிக்‌ஷா மணிச் சத்தம் ரோட்டில் தேய்ந்து மறைந்தது.

“பாஸ்கலு, இப்பச் சிரிக்கட்டுமாலே?”

ஊரிலுள்ள எல்லார் குரலும் வருகிறவனுக்குச் சொந்தக் குரல் வரவில்லை. கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். பழக்கதோசத்தில் கை பொட்டலத்தைப் பிரித்தது. வழக்கத்தைவிட அதிகமாக மக்ரூன் இருந்தது.

ஒன்றை எடுத்தவன், வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் நின்றுவிட்டான்.

“ஏலே... சர்க்கரை வியாதிக்காரர் வீட்டுல, தெனமும் மக்ரூன் யாருக்குலே வாங்குதாங்க?”

அய்யாக்குட்டி அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, யாரையும் கேட்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.