குதிரைக்காரனுக்குத் துக்கம்

எங்கோ அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரன் குதிரையோடு பள்ளத்தில் விழுந்து செத்ததற்கு, இங்கே காரிமங்கலத்தில் வீரமணி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். அதுவும் நிஜமான வெள்ளைக்காரன் இல்லை. டி.வி.யில் போட்டு விளையாடுகிற வீடியோ கேமில் வருகிறவன்.

பெற்றவள் தீர்த்தம்மாளுக்கு இதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். குதிரைக்காரன் செத்ததற்கு எந்த டாக்டர் ஊசி போடுவார்?

அந்தக் குதிரைக்காரனை அவளுக்கும் நன்றாகத் தெரியும். வீரமணி தர்மபுரி பைக் ஷோரூமில் வேலை முடிந்து வந்து முகம் கழுவுகிறானோ இல்லையோ, டி.வி.யில் அவன் குதிரை ஏறிவிடுவான். ரயில் கொள்ளை, துப்பாக்கிச் சண்டை, கூட இருந்தவனே காட்டிக்கொடுப்பது, நடுவில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்பது என்று கதை மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊரும் நம் மேட்டுக்காடு மாதிரியே காய்ந்துதான் கிடந்தது. போகிற வழியில் அவன் குதிரையை நிறுத்திக் கழுத்தைத் தடவிக்கொடுப்பதைப் பார்த்து, நல்ல மனுஷன் என்று தீர்த்தம்மாளே சொல்லியிருக்கிறாள்.

ஆனால் மகன் அதில் ஒரேயடியாக மூழ்கிப்போனான். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு குதிரைக்காரனோடு ஓயாமல் பேசுவான், தனியாகச் சிரிப்பான். சாப்பிட்டாச்சா, தலைவலி விட்டுச்சா என்றெல்லாம் விசாரிப்பான். யாரோடுடா இத்தனை பேச்சு என்று ஒருநாள் கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே டி.வி.யைக் கைகாட்டினான். பெற்ற தாயின் தலைவலியை இவன் என்றைக்காவது விசாரித்தது உண்டா என்று அவளுக்கு அந்த வெள்ளைக்காரன்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அப்படிப்பட்டவன்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளத்தில் விழுந்தான்.

தீர்த்தம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வீரமணி மலைப்பாதையில் குதிரையை விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு வந்து, பைபாஸில் லாரி மோதி ஒரு பெண் அந்த இடத்திலேயே போய்விட்டதாகச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடையில் நிற்குமே அன்பரசி, அதுதான் என்றாள்.

தீர்த்தம்மாள் பதறிப்போய் எந்தத் தெரு என்று கேட்டாள். காலனி என்று பதில் வந்ததும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

“நம்ம தெருப் புள்ளையோன்னு பயந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த மொச்சையை எடுத்தாள்.

உள்ளே எதுவோ விழுந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், வீரமணி கையில் பிடித்திருந்த ரிமோட் தரையில் கிடந்தது. டி.வி.யில் குதிரையும் ஆளும் தலைகுப்புறப் பள்ளத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். என்னடா, என்னடா என்று இவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“செத்துட்டாம்மா” என்றான். அவ்வளவுதான், டி.வி.யை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அன்றைக்குப் படுத்தவன்தான், வேலைக்கும் போகவில்லை. ஷோரூமிலிருந்து போன் மேல் போன் வந்தது, எடுக்கவில்லை. காலேஜுக்குப் போகிற தங்கச்சி பிரியதர்ஷினிக்குக் கேலி தாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கவா என்று அண்ணனிடமே கேட்டாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தீர்த்தம்மாள் மகளைத் திட்டி அடக்கினாள். செத்தவன் பொய்யாக இருக்கலாம், அழுகிற அழுகை நிஜம் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். களியைக் கிள்ளிக் குழம்பில் தொட்டு அவன் வாய்வரைக்கும் கொண்டுபோனாள். அவன் உதட்டைத் திறக்கவில்லை. இப்படியே விட்டால் பிள்ளை நமக்கு இல்லாமல் போய்விடுவானோ என்று அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுவதைப் பார்த்தபிறகுதான் பிரியதர்ஷினிக்கு விளையாட்டுப் புத்தி போனது.

“அதுல எவனும் நெசமா சாவ மாட்டாம்மா. மறுபடியும் போட்டா, விழுந்த எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எந்திரிச்சு நிப்பான்.”

இதை முதலிலேயே சொல்வதற்கு என்னடி கேடு என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, டி.வி.யைப் போடச் சொன்னாள் தீர்த்தம்மாள்.

நிஜமாகவே வந்துவிட்டான். அதே மலைப்பாதையில், தலைத்தொப்பிகூடக் கலையாமல், குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். தீர்த்தம்மாள் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். யாரோ ஒரு வெள்ளைக்காரன் உயிரோடு நிற்பதற்கு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

களித்தட்டை எடுத்துக்கொண்டு போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தாடையைப் பிடித்து மெதுவாக டி.வி. பக்கம் திருப்பினாள்.

“பாரு கண்ணு, உன் குதிரைக்காரன் எந்திரிச்சுட்டான். இப்பவாச்சும் ஒரு வாய் தின்னு.”

வீரமணி டி.வி.யைப் பார்த்தான். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

“அவ எந்திரிப்பாளாம்மா?”