கேலரியில் ஒரு காலி சீட்டு

வியாசர்பாடி டீக்கடைத் திரையில் கால்பந்து ஆட்டத்தோடு பேட்டைப் பையன் கிளமெண்டின் நாடித்துடிப்பும் கண் போகும் திசையும் ஓடிக்கொண்டிருந்தன. ஏழு ஆட்டமாக அவன் அடித்த பாஸ் எதுவும் உருப்படவில்லை. முழங்கால்தான் என்றான் ஒருவன்; தூக்கம் போதவில்லை என்றான் இன்னொருவன். அவன் அப்பா மரியதாஸ் தன் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் கேலரியில் இருந்தால் மகனுக்கு நாடி எகிறுகிறது என்று கண்டுபிடித்து, ஓட்டுப் போட்டு அவரை மைதானத்துக்கு வரவிடாமல் செய்ததும், செல்லில் ஓட்டுப் போட்டே கிளப்பை நடத்தும் இதே டீக்கடை ரசிகர்கள்தான்.

"கண்ணப் பாருப்பா," என்றான் தேவா. "பந்து வர்றப்பலாம் மரியதாஸ் அண்ணன் சீட்டத்தான் பாக்குறான். அது காலியா கீது."

மரியதாஸ் நிமிர்ந்தார்.

"அப்ப அந்த சீட்டப் பேத்து எடுத்துரலாம். ஓட்டுப் போடுங்க," என்றான் முழங்காலைக் குறை சொன்னவன்.

எல்லோரும் செல்லில் அழுத்தினார்கள். பையன் நன்றாக ஆடினால் போதும் என்று மரியதாஸும் அழுத்தினார்.