ஏழு நிமிடம் அசையாமல்

அகிலன் பல் துலக்கி, காபி குடித்து, மூக்கில் புற்று வந்த நாய் லட்டுவை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். கதிர்வீச்சு பாயும் ஏழு நிமிடமும் அது அசையக்கூடாது. அதற்காக இயந்திரம், இறந்துபோன அவன் மனைவி ரோஷிணியின் குரலைப் போலச் செய்து பேசியது: “அம்மா இங்கதான் இருக்கேன், செல்லம்.”

லட்டு உறுமிக்கொண்டு எழுந்தது.

“பொய்க்குரல்னு கண்டுபிடிச்சிடுச்சு சார். நிஜமா அவங்க பேசினது ஏதாச்சும் குடுங்க. இல்லேன்னா கூட்டிட்டுப் போயிடுங்க, இன்னொரு வாய்ப்பு கிடையாது” என்றாள் அங்கிருந்த ஊழியை.

அவள் குரல் பதிவுகளில் அவன் அழிக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான். கடைசி நாளில் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து அவள் அவனுக்கு அனுப்பியது. கொடுத்தான்.

லட்டு தலையைத் தாழ்த்திப் படுத்தது. ஏழு நிமிடமும் அதே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தது. ஊழியை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீ இங்க வராத. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாக எனக்கு இஷ்டமில்ல. லட்டுவ மட்டும் பட்டினி போட்டுடாத.”