தேரி நின்ற இடம்

தோள் கொடுத்துத் தள்ளினாள். பின்கதவு சட்டென்று திறந்துகொண்டது.

எதிர்பார்க்கவில்லை. வெளியே போய் விழுந்தாள். உள்ளங்கை இரண்டும் தரையில் பதிந்தன.

தரை.

மணல் இல்லை. பொங்கலுக்கு அவள் சாணம் மெழுகிய அதே கெட்டித் தரை.

விழுந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்கு மேற்கே செக்கச்செவேலென்று மணல்மேடாகக் கிடந்தது தேரி.

தள்ளியே நின்றது.

ஆடி பிறந்ததிலிருந்து காற்று ஓயவில்லை. இரவெல்லாம் ஓட்டின்மேல் மணல் சலசலத்தது. அவள் புருஷன் தவசி, மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டுத் தயாராக வைத்திருந்தான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே பாடுதான். ஆடிக்கு ஆடி தேரி நகர்ந்து வரும். பின்கதவை அடைத்துக்கொள்ளும். இருவரும் வெட்டி வெட்டிச் சட்டியில் சுமந்து கொட்டுவார்கள். மறுவருஷம் அது இன்னும் உயரமாக வரும். போன ஆடியில் தொழுவத்துக் கூரைவரை ஏறி, அதைச் சாய்த்தே விட்டது.

"இந்த ஆடியோட சரி. உடன்குடியில வீடு பாத்திருக்கு," என்று சொல்லிவிட்டான் தவசி. பாத்திரங்களில் பாதி ஏற்கெனவே சாக்குக்குள் போய், வாய் கட்டிக் கிடந்தது.

போனில் செய்தி பார்ப்பவன் அவன். ஒரு நாள், "வெயில் கூடக்கூட உலகம் பூரா பாலைவனம் பெருகுதாம்," என்பான். இன்னொரு நாள், "எங்கயோ பாலைவனத்துல மழை கொட்டி, புல்லு மொளைச்சிருக்காம். சுருங்குதாம்லா," என்பான்.

எதுதான் நிஜம் என்று கேட்டால், "நம்ம பொறவாசலுக்கு வந்துக்கிட்டுத்தான இருக்கு," என்று முடித்துவிடுவான்.

போன ஐப்பசியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அது கடற்கரை ஊர். அங்கே மணலை இறுக்கிப் பிடித்தபடி அடும்பங்கொடி படர்ந்து கிடந்தது. கைநிறைய அறுத்துக்கொண்டு வந்து, தேரியின் அடியில் வரிசையாகப் புதைத்தாள்.

தவசி சிரித்தான்.

கார்த்திகையில் மழை அடித்துப் பெய்தது. கொடி பிடித்துக்கொண்டது. மழை நின்ற பிறகு, குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதற்குத்தான் போயின.

"இங்க வாங்களேன்!"

தவசி மண்வெட்டியோடு வந்தான். அப்படியே நின்றான்.

பச்சை இலைகளுக்கு நடுவே ஊதாப் பூக்கள். கொடி ஓடிய இடமெல்லாம் மணல் அதன்மேல் குவிந்து, கரை கட்டியதுபோல் நின்றிருந்தது.

குனிந்து ஒரு கொடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் இழுத்தான்.

உள்ளே போனான். சாக்கு அவிழும் சத்தம் கேட்டது. பிறகு பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அலமாரியில் ஏறும் சத்தம்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்போதுதான் வடக்கே இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. மண்வெட்டி மணலில் இறங்கும் சத்தம்.

பக்கத்து வீட்டுப் பூங்கனி வெட்டிக்கொண்டிருந்தாள். சுவரோரம் முழங்கால் அளவுக்குச் செம்மணல். அவள் ஆசையாக வைத்திருந்த முருங்கைக் கன்றின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

அந்த வீட்டுப் பக்கம் தேரி ஒருநாளும் வந்ததில்லை.

பூங்கனி நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒங்க வீட்டுல எடமில்லைன்னு இங்க வந்திட்டு போல, மைனி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, இவள் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் வெட்டத் தொடங்கினாள்.

காற்று கொடியில் முட்டியிருக்கிறது. ஒதுங்கியிருக்கிறது. ஒதுங்கி இங்கே வந்திருக்கிறது.

அவள் திரும்பி ஓடினாள். அரிவாளை எடுத்தாள். செழித்துக் கிடந்த கொடிகளாகப் பார்த்து, மணலைக் கிளறி வேரோடு அறுத்தாள்.

தவசி பதறிக்கொண்டு வந்தான்.

"ஏட்டி, என்ன செய்யுத? இந்தக் காத்துல இத வெட்டுனா நம்ம பக்கம் தொறந்துக்கிடும்லா!"

வெட்டிய இடத்தில் மணல் வெறுமையாகத் தெரிந்தது. அதன் மேல்பரப்பு அப்போதே புகைபோலக் கிளம்பி ஓடியது. அவளும் பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது.

இன்னும் இரண்டு கொடியை அறுத்தாள். எல்லாவற்றையும் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தாள்.

பூங்கனி மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தாள். இருவரும் மண்டியிட்டுப் புதைத்தார்கள். புதைத்து முடித்ததும் பூங்கனி கிணற்றில் இறைத்துக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள்.

"மழைக்கு இன்னும் எத்தனையோ நாள் கெடக்கே மைனி. தாங்குமா?"

"ஊத்துவோம்."

தவசி வந்தபோது அவன் தலையில் உடைமரத்து முள்கட்டு இருந்தது. புதைத்த கொடிகளைச் சுற்றி வேலிபோல் வைத்தான். அதோடு நிற்கவில்லை. பூங்கனியின் சுவரையும் தாண்டி, வடக்கே வைத்துக்கொண்டே போனான்.

அடுத்த வீட்டுத் துரைப்பழம் வாசலில் இறங்கி வந்தார்.

"என்னடே, எங்க வீட்டுப் பக்கம் முள்ளு போடுத?"

"இங்க அடைச்சா அடுத்து ஒங்க பக்கந்தான மாமா வரும். கொடி வந்து சேருறவரைக்கும் முள்ளு மணலைத் தடுக்கட்டும்."

துரைப்பழம் தேரியைப் பார்த்தார். ஈரம் காயாத கொடிகளைப் பார்த்தார். அவருடைய ஆடுகள் மேட்டில் கண்ட பச்சையையெல்லாம் கடித்து மேய்ந்துகொண்டிருந்தன.



பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார். ஒவ்வோர் ஆடாகப் பிடித்து வந்து, முற்றத்தில் கட்டத் தொடங்கினார்.