சுத்தமான வாத்து

ஐப்பசி பிறந்தால் எங்கள் குளத்துக்கு வடக்கேயிருந்து ஊசிவால் வாத்து வரும். அது மிரண்டுவிடக் கூடாதென்று எங்கள் ஊரில் தீபாவளிக்கு யாரும் வெடி போட்டதில்லை. அதன் எச்சம் கலந்த தண்ணீர்தான் என் வயலுக்கு உரம்.

நாலைந்து வருஷமாக ஒன்றுகூட வரவில்லை. அரசாங்கம் மெஷின் வாத்துகளைக் கொண்டுவந்து குளத்தில் விட்டது. அசல் மாதிரியே நீந்தின, கத்தின.

"இது எச்சம் போடுமா?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"போடாது பெரியவரே. சுத்தமான மாடல்."

உரமில்லாமல் நெல் பதராகப் போனது. பொம்மைக்குப் பயந்தா வெடி போடாமல் கிடக்கிறோம் என்று இந்தத் தீபாவளிக்கு நானும் பக்கத்து வயல் பலவேசமும் குளத்தங்கரையில் சரவெடி கொளுத்தினோம்.

மெஷின் வாத்து எதுவும் அசையவில்லை. அதுகளை நம்பி நடுவில் இறங்கியிருந்த அசல் வாத்துக் கூட்டம் மட்டும் படபடவென்று எழும்பி, வந்த வழியே போய்விட்டது.

"எது அசல்னு பாத்துட்டு வெடிச்சிருக்கக் கூடாதா வே?" என்றான் பலவேசம், வத்திப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

சத்தம் கேட்டு அதிகாரி ஓடிவந்தார். குளத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க பெரியவரே," என்றார். "எண்ணிட்டேன். ஒரு வாத்துகூடக் குறையல."